பயமா கீது

இளவரசியைப் பற்றி எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் "நல்ல பொண்ணு" என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சே ஆகாது. எதிர்த்துப் பேசாத மருமகளுக்கு எங்கள் ஊர் மானாம்பதியில் கொடுக்கிற பட்டம் அது. நான் பவளம், அவளுக்கு அடுத்த வீடு. ஜன்னலோரம் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறவள். தெருவில் யார் வந்தார், யார் போனார், கையில் என்ன பை இருந்தது என்பது வரை என் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்ட என் கண்ணிலேயே மண்ணைத் தூவிவிட்டு ஒரு பெண் மாதக்கணக்கில் பயந்துகொண்டே குடித்தனம் நடத்தியிருக்கிறாள் என்றால், அவளுடைய சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது.

புள்ளலூரில் பிறந்தவள். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு காஞ்சிபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். தமிழரசனுக்குக் கட்டிக்கொடுத்து இங்கே வந்தாள். தமிழரசனுக்கு ஒரகடம் பக்கம் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவான். நல்லவன்தான், ஆனால் வீட்டில் எதைக் கேட்டாலும் "அம்மாவக் கேளு" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவான். அம்மா என்றால் எல்லம்மாள். புருஷன் போன பிறகு கழனியையும் மகனையும் தனியாளாகப் பார்த்துக்கொண்டவள். முழங்கால் வலிக்கிறது என்று நாள் முழுக்கப் புலம்புவாள், அந்த முழங்காலோடு நாள் முழுக்க நடந்துகொண்டும் இருப்பாள். அவள் கத்தினால் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான்.

மகள் கயல்விழி பிறந்த பிறகுதான் இளவரசிக்கு எல்லாம் மாறியது. சோறு மண் மாதிரி இருந்தது. குழந்தை அழுதால் எழுந்து போக உடம்பு வரவில்லை. காரணமே இல்லாமல் கண்ணில் தண்ணீர் கொட்டும், வெங்காயம் நறுக்குகிறேன் என்று சொல்லிவிடுவாள். ஒரு வாரம் எல்லம்மாள் வீட்டில் எத்தனை வெங்காயம் செலவானது என்று எனக்குத்தான் தெரியும், ஏனென்றால் தீர்ந்ததும் என்னிடம்தான் வந்து கேட்டாள்.

எல்லம்மாளுக்கு இதற்கு ஒரே ஒரு வைத்தியம் தெரியும். "காத்து கருப்பு பட்டுட்ச்சி" என்று வேப்பிலை அடிக்கிறவரிடம் அழைத்துப்போய் மந்திரித்து, கையில் கறுப்புக் கயிறு கட்டிக் கூட்டிவந்தாள். இளவரசி அதற்கும் தலையாட்டினாள். நல்ல பெண் அல்லவா.

கயிறு கட்டியும் போகாத ஒன்று அவளுக்குள் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குப் பின்னால் இரண்டு வரப்பு தாண்டினால் அவர்கள் கழனிக் கிணறு. பெரிய வட்டக் கிணறு, சுற்றுச்சுவர் முழங்கால் உயரம்தான். ஒருநாள் மோட்டார் தண்ணீர் தொட்டியில் கொட்டுவதை வேடிக்கை காட்ட, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போயிருக்கிறாள். கிணற்றை எட்டிப் பார்த்தபோது தலைக்குள் ஒரு நினைப்பு வந்தது: இப்போது கையை விட்டால்?

அவ்வளவுதான். குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தாள். ஆனால் அந்த நினைப்பும் கூடவே வந்துவிட்டது. பால் கொடுக்கும்போது வரும், தொட்டில் ஆட்டும்போது வரும், குழந்தை சிரிக்கும்போது கட்டாயம் வரும். தான் பெற்ற பிள்ளையைத் தானே கொன்றுவிடுவோமோ என்று நடுங்கினாள். அதற்குப் பிறகு குழந்தையை அந்தக் கிணற்றுப் பக்கம் அவள் கொண்டுபோகவே இல்லை.

இதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். மேட்டுத் தெருவில் ஒருத்திக்குப் பிள்ளை பெற்ற பிறகு புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லி, அவளைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, குழந்தையைப் புருஷன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் பஸ் நிறுத்தத்தில் நின்று யார் யார் குழந்தையையோ வெறித்துப் பார்ப்பதை இளவரசி கல்யாணமான புதிதில் பார்த்திருக்கிறாள். தன் நினைப்பு வெளியே தெரிந்தால் கயல்விழியைப் பிடுங்கிக்கொள்வார்கள். இந்த ஒரு பயம் அவள் வாயைப் பூட்டு போட்டுப் பூட்டிவிட்டது.

தடுப்பூசி போட வந்த நர்ஸம்மாதான் எதையோ மோப்பம் பிடித்தார். குழந்தையை எடை போடுகிற சாக்கில் ஓரமாகக் கூப்பிட்டு, "தூங்கறியாம்மா? அழுகை வருதா?" என்று கேட்டார். இளவரசி பாதிதான் சொன்னாள். கிணற்றைப் பற்றி மூச்சு விடவில்லை. நர்ஸம்மா சென்னையில் இருக்கிற ஒரு தொண்டு நிறுவனத்தைப் பற்றிச் சொன்னார். போனிலேயே வைத்தியம். வாரம் ஒரு பாடம் வரும், காதில் வைத்துக் கேட்கலாம், அதில் சொல்கிற பயிற்சியைச் செய்ய வேண்டும், பிறகு எப்படி இருந்தது என்று எழுதி அனுப்பினால் படித்த பெண் ஒருவர் பதில் எழுதுவார். எங்கேயும் போக வேண்டியதில்லை, யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் இளவரசி சேர்ந்தாள்.

சேரும்போது, அவசரம் என்றால் கூப்பிட இரண்டு நம்பர் கேட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால் கொடுக்கிற மாதிரி, கேஸ்காரன் கேட்டால் கொடுக்கிற மாதிரி, யோசிக்காமல் புருஷன் நம்பரையும் மாமியார் நம்பரையும் கொடுத்துவிட்டாள். எந்த ஆபீசிலும் அந்த நம்பருக்கு யாரும் கூப்பிட்டு அவள் பார்த்ததில்லை.

அவளுக்கு வழிகாட்ட வந்த பெண்ணின் பெயர் மாதவி. கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறைப் பக்கம் சொந்த ஊர், எங்கள் பக்கத்துப் பேச்சு பழக்கமில்லை, வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. "இளவரசி, இந்த வாரம் எப்படி இருக்கிறீர்கள்?" என்று எழுதுவாள். தன்னை யாரும் "நீங்கள்" என்று எழுதி இளவரசி பார்த்ததில்லை, ஜவுளிக்கடை நோட்டீஸ் தவிர. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு வாரம் முழுக்க ஓட்டுவாள். புருஷன் கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று மாதவியின் நம்பரை "கேஸ் புக்கிங்" என்று போட்டு வைத்திருந்தாள். ஒரு நாள் தமிழரசன் பார்த்துவிட்டு, "இன்னா, கேஸ்காரன் ஞாயித்துக்கெயமையும் மெசேஜ் போடறான்?" என்று கேட்டான். அவன் பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பதில் எழுதுவதுதான் பாடு. போனில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றாகத் தட்ட அவளுக்குப் பொறுமை இல்லை. வாயால் சொன்னால் எழுத்தாக மாற்றிக்கொடுக்கிற மைக் பொத்தானை அழுத்திப் பேசுவாள். வீட்டுக்குள் பேச முடியாது, மாமியார் காது பாம்புக் காது. இந்தப் பக்கம் நான். ஆகவே, குழந்தையை எல்லம்மாளிடம் விட்டுவிட்டு, மோட்டாரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிணற்றடிக் கொட்டகைக்குப் போவாள். எந்தக் கிணற்றுக்குப் பயந்தாளோ அதன் பக்கத்திலேயே போய் நின்று பேசினாள், பாவம். மோட்டார் ஓடுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காது. கேட்காது என்றாலும் குசுகுசு என்றுதான் பேசுவாள். பேசி முடித்ததும் என்ன எழுத்து விழுந்திருக்கிறது என்று பார்க்காமல் அனுப்பிவிடுவாள். தான் சொன்னதை எழுத்தில் பார்க்கவே அவளுக்குப் பயம்.

அங்கேதான் வினை. நாங்கள் "இருக்கிறது" என்று சொல்ல மாட்டோம், "கீது" என்போம். அந்தப் போனுக்குக் கீது தெரியவில்லை. "மனசு பாரமா கீது" என்று இவள் சொல்ல, அது "மனசு பாரமா கீதா" என்று எழுதியது. "தூக்கம் இல்லாம கீதா" என்றது. "கொயந்த நல்லாக்கீது" என்று சொன்னதை "குழந்தை நல்லா கீதா" என்று எழுதி அனுப்பியது. மாதவி பார்த்தாள். குழந்தையின் பெயர் கீதா போலிருக்கிறது, இந்த அம்மாவுக்கு வார்த்தைக்கு வார்த்தை மகள் ஞாபகம்தான் என்று எடுத்துக்கொண்டாள். "கீதா நன்றாகப் பால் குடிக்கிறாளா?" என்று அன்பாகக் கேட்டு எழுதினாள்.

இளவரசி ஒரு நிமிஷம் முழித்தாள். நூறு பேருக்கு எழுதுகிறவர்கள், யார் பிள்ளை பெயரையோ மாற்றிச் சொல்லிவிட்டார்கள், படித்தவர்களைப் போய்த் திருத்தினால் மரியாதையாக இருக்காது என்று நினைத்து, "குடிக்கிறா அக்கா" என்று பதில் போட்டாள். எனக்கு இதை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது. "அந்தப் பேர் இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பின்னால் வந்ததில் பாதி வந்திருக்காது. ஆனால் எங்கள் பெண்களுக்கு அந்த ஒரு வார்த்தைதானே வாயில் வராது.

பாடம் நாலைந்து போனது. பாடம் கொஞ்சம் வேலையும் செய்தது. தினம் ஒரு சின்ன வேலையை விரும்பிச் செய்யச் சொன்னார்கள், அவள் என் வீட்டுக்கு வந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். வெங்காயச் செலவும் குறைந்தது. அடுத்த பாடம், தலைக்குள் வருகிற நினைப்புகளைப் பற்றி. உங்களை மிகவும் பயமுறுத்துகிற நினைப்பு ஒன்று இருந்தால் அதை உங்கள் வழிகாட்டிக்குச் சொல்லிப் பாருங்கள் என்றது. மூன்று நாள் அதைக் கேட்காத மாதிரியே இருந்தாள். பிறகு ஒரு காலைப்பொழுது, குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனாள்.

அந்தக் காலையில் எல்லம்மாள் என் வீட்டில் இருந்தாள். ரவிக்கை அளவு கொடுக்க வந்தவள், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என் துணியில் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். கயல்விழி என் இஞ்ச் டேப்பை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. எல்லம்மாளின் பட்டன் போன் அடித்தது. புது நம்பர். எடுத்துக் காதில் வைத்தவள், "யாரோ பொம்பள படபடன்னு பேசறா, இன்னான்னு கேளு" என்று என்னிடம் நீட்டினாள்.

"இளவரசியோட மாமியாரா? நான் சென்னையில இருந்து மாதவி. அவங்க வீட்டுக்காரர் போன் எடுக்கல. உடனே கிணத்தைப் போய்ப் பாருங்க, ப்ளீஸ்!" தமிழரசன் எப்படி எடுப்பான், கம்பெனி வாசலிலேயே போனை வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்களே.

"நான் பக்கத்து வூடு. கெணத்துல இன்னா?"

"கீதாவைக் கிணத்துல போட்டுட்டேன்னு இளவரசி இப்பதான் மெசேஜ் அனுப்பியிருக்காங்க!"

"எந்த கீதா?"

"குழந்தைங்க! அவங்க பெத்த குழந்தை!"

நான் குழந்தையைப் பார்த்தேன். அது டேப்பைச் சப்பிக்கொண்டு என்னைப் பார்த்தது. "யம்மா, கொயந்த பேரு கயல்விழி. இங்க கீது, எங்க கண்ணு முன்னாலதான் கீது. நாங்க கீதுன்னா இருக்குதுன்னு அர்த்தம். கீதான்னு இங்க யாரும் கெடையாது" என்று கத்தினேன். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, காலங்காத்தால இப்படி ஒரு பேச்சா என்று.

மாதவி மெதுவாகக் கேட்டாள். "அப்ப இளவரசி எங்கே?"

நான் எல்லம்மாள் பக்கம் திரும்பினேன். "எல்லம்மாக்கா, இளவரசி எங்க?"

"மோட்டார் நிறுத்தப் போனா. ஏன்டி?"

மோட்டார் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

நான் எதுவும் விளக்கிச் சொல்லவில்லை. "கெணறு" என்று மட்டும் சொன்னேன் போலிருக்கிறது. எல்லம்மாள் குழந்தையை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். அந்த முழங்கால் அப்படி ஓடும் என்று நான் சத்தியமாக நினைத்ததில்லை. முதல் வரப்பில் சறுக்கி விழுந்தாள், எழுந்தாள், புடவை எல்லாம் சேறு. நான் ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் போனுமாகப் பின்னால் ஓடினேன். "இளவரசீ!" என்று எல்லம்மாள் கத்தியது மோட்டார் சத்தத்தில் அமுங்கிப்போயிற்று. ஊரையே திருப்புகிற குரல், அன்றைக்கு இருபது அடி தாண்டவில்லை.

கிணற்றடியில் அவளைக் காணோம். தொட்டிக்கும் கிணற்றுக்கும் நடுவில் அவளுடைய செருப்பு மட்டும் கிடந்தது.

எல்லம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து உள்ளே பார்த்தாள். தண்ணீர் பச்சையாக, ஆட்டம் காட்டிக்கொண்டு கிடந்தது. நான் குழந்தையைத் தவற விட்டுவிடுவேனோ என்று பயந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது கொட்டகைக்குப் பின்னாலிருந்து இளவரசி வந்தாள். வெறுங்கால், ஈரம். தொட்டியில் முகமும் காலும் கழுவிவிட்டு அந்தப் பக்கம் சுவரோரமாக உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

எல்லம்மாள் போய் அவள் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அடித்த கையாலேயே அவள் முழங்கையைப் பிடித்து, கிணற்றடியிலிருந்து வேப்பமரம் வரைக்கும் தரதரவென்று இழுத்துவந்து உட்கார வைத்தாள். நான் மோட்டாரை நிறுத்தினேன். திடீரென்று எல்லாம் அமைதியாகிவிட்டது.

"இன்னாடி பண்ணிக்கினு இருந்த அங்க?"

இளவரசி என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். எங்கள் முகத்தைப் பார்த்தாள். தன் போனை எடுத்து, தான் அனுப்பியதை முதல் தடவையாகப் படித்தாள். "குழந்தை கிணத்துல போட்டுட்டேன் பயமா கீதா" என்று, குசுகுசுப்பிலும் மோட்டார் இரைச்சலிலும் பாதியை விழுங்கி, போன் எழுதியிருந்தது.

"நான் அப்டி சொல்லல அத்தே. போட்டுடுவேனோன்னு பயமா கீதுன்னுதான் சொன்னேன். நான் போட மாட்டேன். ஆனா தோணிக்கினே கீது. எப்பப் பார்த்தாலும் தோணிக்கினே கீது." பிறகு கைகூப்பினாள். "என்னப் புள்ளலூருக்கு அனுப்பிடாதீங்க. கொயந்தய என்கிட்டேர்ந்து எடுத்துக்காதீங்க."

மேலே நான் எழுதியிருக்கிறதெல்லாம் அந்த மரத்தடியில் அவள் அழுகைக்கு நடுவே சொன்னதுதான். கிணற்றை எட்டிப் பார்த்த நாள், மேட்டுத் தெருப் பெண், கேஸ் புக்கிங், எல்லாமே. எல்லம்மாள் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. அப்படி அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை, எனக்கு அதுவே பயமாக இருந்தது. மகனுக்குப் போன் போடப் போகிறாள், சம்பந்தி வீட்டுக்கு ஆள் அனுப்பப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

என் கையில் போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. மாதவி வைக்கவே இல்லை. சத்தமாக வைத்து நடுவில் பிடித்தேன். முதலில் அவள் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இளவரசியிடம் நிதானமாகப் பேசினாள். இந்த மாதிரி நினைப்பு எத்தனையோ தாய்மாருக்கு வருகிறது, வேண்டும் என்று நினைத்து வருவதில்லை, அந்த நினைப்பைக் கண்டு இவ்வளவு நடுங்குகிறவள் பிள்ளையைக் காப்பாற்றத்தான் பார்க்கிறாள் என்றாள். ஆனால் இதற்குப் போனும் பாடமும் மட்டும் போதாது, நாளைக்கே டாக்டரை நேரில் பார்க்க வேண்டும், நானே பேசி ஏற்பாடு செய்கிறேன் என்றாள். அந்தப் பெண்ணிடம் நான் கத்தியதற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். தப்பாகப் படித்தாலும் சும்மா இருக்கவில்லை, பதறிப்போய்க் கூப்பிட்டாள் அல்லவா.

எல்லம்மாள் போன் பக்கம் குனிந்தாள். மருமகள் எதிரிலேயே கேட்டாள். "யம்மா, நீ படிச்சவ. எனுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. கொயந்தய இவ கைல குடுக்கலாமா, கூடாதா?"

மாதவி யோசித்த அந்தக் கொஞ்ச நேரம் எங்கள் மூன்று பேருக்கும் கொடுமையாக இருந்தது.

"கொடுக்கலாம்மா. டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் நீங்க பக்கத்திலேயே இருங்க."

எல்லம்மாள் என் இடுப்பிலிருந்து கயல்விழியை வாங்கினாள். இளவரசி சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். எந்தக் குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அத்தனை நாள் செத்துப் பிழைத்தாளோ, அதைக் கொடுக்கும்போது அவளால் வாங்க முடியவில்லை.

"வாணாம் அத்தே. இப்ப வாணாம்."

"எனுக்கு மட்டும் பயமா இல்லன்னு நெனச்சிக்கினியா? கைய நீட்டு."

அவள் நீட்டவில்லை. எல்லம்மாள் குழந்தையை அவள் மடியில் உட்கார வைத்துவிட்டு, தொடையோடு தொடை ஒட்டித் தானும் உட்கார்ந்தாள். குழந்தை தாயின் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்தது. மெதுவாக இளவரசியின் கை முன்னால் வந்து அதன் முதுகைத் தாங்கியது. எல்லம்மாள் பிள்ளையைக் கொடுத்துவிட்டாளே தவிர, அதன் கணுக்காலைப் பிடித்திருந்த சேற்றுக் கையை எடுக்கவில்லை. தான் பிடித்திருப்பது மருமகள் கண்ணில் பட்டுவிட்டது என்று தெரிந்ததும் வெட்கப்பட்டுக் கையை எடுக்கப் போனாள்.

"வுடாதீங்க அத்தே," என்றாள் இளவரசி. "புடிச்சிக்கினே இருங்க."